செவிலித் தாயர்



இந்த மாதர் சங்கத்தின் ஆண்டு விழாவில் தாய்மையைப் பற்றிப் பேசவேண்டுமென்று செயலாளர் அம்மையார் கேட்டுக்கொண்டார்கள். தாய்மையின் பெருமையைக் கூறும் பிரசங்கங்கள் நம் நாட்டில் குறைவில்லாமல் நடந்துவருகின்றன என்பதையும், அவற்றுள் பெரும்பாலானவை வயிற்றில் சுமந்து பெற்றவளை மாத்திரமே தாயென்று வைத்துக்கொண்டு பேசி முடிந்துவிடுகின்றன என்பதையும் எண்ணிப் பார்த்து, அந்த வரிசையில் இடம் பெறாமலே வெகுகாலமாகப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவரும் ஒரு கூட்டத்தாரைப் பற்றி இன்று தங்கள் முன் பேசுவதென்று தீர்மானித்தேன். திருநங்கையரைச் சொல்கிறேன். அவர்கள் படும் அவதிகளைப் பத்திரிகையில் படிக்கிறோம். கூவாகத்துச் சித்திரைத் திருவிழாப் படங்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஆனால் அவர்களுக்குள்ளே தாயும் மகளுமாக, பாட்டியும் பேத்தியுமாக ஒரு குடும்ப வாழ்க்கை, நம் வீடுகளிலுள்ள வாத்ஸல்யமும் கண்டிப்பும் மனஸ்தாபமும் குறைவற நிரம்பிய வாழ்க்கை, தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது என்பதை நம்மில் மிகச் சிலரே கவனித்திருக்கிறோம்.

பெறாதவளைத் தாயென்று கொள்வது தமிழருக்குப் புதிய காரியமன்று. சங்கத்து அகப்பாடல்களைப் படித்தவர்கள் அறிவார்கள், அங்கே தலைவிக்குத் தாயர் இருவர். பெற்றவள் நற்றாய், எடுத்து வளர்த்தவள் செவிலி. தலைவியின் உயிர்த்தோழி அந்தச் செவிலியின் மகளே என்று தொல்காப்பியர் அந்த உறவுமுறையைக்கூட வகுத்துச் சொல்லியிருக்கிறார். மகள் தன் மனத்துக்கு உகந்தவனோடு ஊரைக் கடந்து போய்விட்டாள் என்று தெரிந்தபோது, நற்றாய் வீட்டில் இருந்தபடியே வருந்துகிறாள். பாலை நிலத்தின் வெயிலில் இறங்கி, எதிரே வருகின்ற அந்தணர்களை நிறுத்தி, இவ்வழியே இருவர் போகக் கண்டீர்களா என்று கேட்டுக்கொண்டு தேடிச் செல்கிறவள் செவிலி. கலித்தொகையில் அந்தக் காட்சியைப் படிக்கும்தோறும், பிள்ளையைத் தேடிப் போவதற்குப் பெற்றிருக்கவேண்டும் என்ற நியதியில்லை என்று நம் முன்னோர் தெளிவாகவே கண்டிருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தாய்மை பெண்ணுடலுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தையும் நம்முடைய பக்தி மரபு ஏற்றுக்கொண்டதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசி வனத்தில் கண்டெடுத்த குழந்தையை மகளாக வளர்த்த பெரியாழ்வார், கண்ணனைப் பாடும்போது தாமே யசோதையாகி அவனை நீராட அழைக்கிறார், பூச்சூட அழைக்கிறார். மகளை மாலுக்குக் கொடுத்துவிட்டு வெறிச்சோடிய வீட்டில் நிற்கும் தாயாகவும் அவரே புலம்புகிறார். அதை ஒரு புலவரின் வேஷமென்று எந்த வைஷ்ணவரும் சொல்லார். திருச்சிராப்பள்ளி மலையிலே எழுந்தருளியிருக்கும் தாயுமானவர் கதையோ நம் பாட்டிமார் எல்லோரும் சொன்ன கதை. காவிரியில் வெள்ளம் வந்து, பிரசவத்துக்கு வரவேண்டிய தாய் அக்கரையில் தங்கிவிட, பேறுகால வேதனையில் இருந்த பெண்ணுக்கு அவளுடைய அம்மாவின் உருவத்திலேயே சிவபெருமான் வந்து மருத்துவம் பார்த்தார் என்பது தலபுராணம். சுகப்பிரசவத்துக்காக இன்றும் அந்தச் சந்நிதியில் வாழைத்தார் சமர்ப்பிக்கிறோம். ஆண்டவனே தாயாக வரலாம் என்று நம்பித் தாரைத் தூக்கிக்கொண்டு அத்தனை படிகளும் ஏறுகின்ற நாம், நம் தெருவில் வசிக்கும் ஒரு திருநங்கை ஒரு பெண்ணை மகள் என்று அழைத்தால் மட்டும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்?

அவர்களுடைய குடும்பம் எப்படித் தோன்றுகிறது என்பதைச் சொல்கிறேன். ஆணாகப் பிறந்ததாக ஊர் எண்ணும் ஒரு குழந்தை, தன்னைப் பெண்ணாகவே உணர்ந்து, அக்காளின் பாவாடையை எடுத்து உடுத்திப் பார்த்து அடி வாங்கி, பள்ளியில் பரிகாசம் பொறுக்கமாட்டாமல் படிப்பை விட்டு, தகப்பன் அல்லது அண்ணனின் கைக்குப் பயந்து ஒருநாள் இரவு பஸ் ஏறிவிடுகிறது. போகிற ஊரில் அதற்குத் தெரிந்தவர் ஒருவருமில்லை. பஸ் நிலையத்திலோ ரயிலடியிலோ கோயில் வாசலிலோ ஒரு திருநங்கை அதைக் கண்டு, தன் பழைய முகத்தையே அதில் கண்டாற்போல, சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பமாவதுதான் அந்தக் குடும்பம். பிறகு ஜமாத் என்னும் தங்கள் சபையில் பெரியவர்கள் கூடி முறைப்படி அவளை ஏற்கிறார்கள். ரீத்துப் போடுவது என்று அதற்குப் பெயர். குரு, சேலா, அதாவது சிஷ்யை, என்ற உறவு ஒன்று. தாய், மகள் என்ற உறவு ஒன்று. சில இடங்களில் இரண்டும் ஒருவரிடமே அமைவதுமுண்டு. குருவின் குரு நானி, அதாவது பாட்டி. ஒரே குருவிடம் சேர்ந்தவர்கள் சகோதரிகள். பால் அருந்தித் தாயும் மகளுமாகிற சடங்கும் உண்டு. மகள்கள் மூத்தோரைக் கண்டால் ‘பாம்படுத்தி’ என்று வணங்குவதும், அவர்கள் ‘ஜீத்தே ரஹோ’ என்று வாழ்த்துவதும் அந்த வீடுகளில் நாள்தோறும் நடப்பவை. வடநாட்டு ஜமாத்துகளோடு பல தலைமுறைத் தொடர்பு இருப்பதால் சொற்கள் அங்கிருந்து வந்திருக்கின்றன.

இந்தத் தாய்மையின் உச்சமான காலம் எதுவென்று கேட்டால், ஒரு நாற்பது நாட்களைத்தான் சொல்லவேண்டும். உடலைப் பெண்ணுடலாக மாற்றிக்கொள்ளும் சிகிச்சையை அவர்கள் நிர்வாணம் என்பார்கள். முற்காலத்தில் தாயம்மா என்று அழைக்கப்பட்ட மூத்த திருநங்கையர் தெய்வத்தின் முன்னிலையில் கையாலேயே அதைச் செய்தார்கள். அதில் உயிரிழந்தவர்கள் பலர். இன்று தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலேயே கட்டணமின்றிச் செய்யப்படுகிறது என்பது பெரிய ஆறுதல். ஆனால் மருத்துவர் செய்யக்கூடியது ஒரு பங்கு. அதன்பின் நாற்பது நாள் புண்ணுக்கு வெந்நீர் ஊற்றுவதும், கைத்தாங்கலாக எழுப்பி நடத்துவதும், பத்தியம் பார்த்துச் சமைத்துப் போடுவதும், இரவில் வலி பொறுக்காமல் முனகும்போது விழித்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் தாயின் வேலை. அத்தனை நாளும் மகள் கண்ணாடி பார்க்கக்கூடாதென்பது விதி. நாற்பதாம் நாள் மஞ்சள் பூசி நீராட்டி, தாய் வாங்கிவந்த புதுப்புடவையை உடுத்தி, நகை பூட்டி, தங்கள் தெய்வமான மாதாவின் பூஜையில் நிறுத்திக் கண்ணாடியைக் காட்டுகிறார்கள். பொழுது விடியுமுன்பே பால்குடம் எடுத்து நீரில் கொண்டுபோய் விடுகிறார்கள். நாமக்கல் வட்டாரத்திலே பிறந்த ஏ. ரேவதி அவர்கள் ‘வெள்ளை மொழி’ என்னும் தம் வரலாற்றில் இந்தச் சடங்கைத் தம் அநுபவமாகவே எழுதியிருக்கிறார். பேறுகாலத்துக்குத் தாய்வீடு சென்ற பெண் எவளும் இந்தப் பராமரிப்பைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வாள். பிரசவிக்கிறவளே பிறக்கிறவளாகவும் இருக்கிறாள், மருத்துவம் பார்க்கிற தாய் அதே நாட்களில் தானும் தாயாகிறாள் என்பது ஒன்றே வித்தியாசம்.

மதுரையில் வைகைக்கு வடகரையில், அக்கம்பக்கத்தார் தருவதைவிட அதிக வாடகை கொடுத்துக் குடியிருக்கும் ஒரு தாயின் வீட்டுக்கு நான் போவதுண்டு. ஐம்பது வயது கடந்தவர். மகளுக்குப் பத்தொன்பது வயது. தையல் பயிற்சிக்குப் போகிறாள். நான் சென்றிருந்த ஒரு காலைவேளையில், டிபன் டப்பாவில் புளிச்சாதம் அடைத்து வைத்துவிட்டு, அந்தத் தாய் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். தலைமயிர் இன்னும் தோளைத் தொடவில்லை. பின்னலென்று சொல்ல அதில் மூன்று முடிச்சுக்கு மேல் விழாது. மல்லிகைச் சரம் அதில் நிற்க மறுத்து நழுவி நழுவி விழுகிறது. தாய் ஹேர்பின்னைப் பல்லால் கடித்துப் பிளந்து, சரத்தின் ஒரு நுனியை இந்தக் காதுக்குப் பின்னும் மறு நுனியை அந்தக் காதுக்குப் பின்னும் சொருகி, நடுவில் மூன்றாவது பின்னையும் குத்தினார். “வலிக்குதும்மா” என்றாள் மகள். “நேரா உட்காருடி, வளர்ற வரைக்கும் இப்படித்தான் இருக்கும், ஒம்பது மணி பஸ்ஸு போயிரும்” என்றார் தாய். மகள் தெருமுனை திரும்பும் வரையில் வாசலில் நின்று பார்த்தார். யாராவது கேலி பேசுகிறார்களா என்று பார்ப்பதற்காகத்தான் நிற்கிறேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். பெண்ணைப் பெற்று வளர்த்த எனக்கு அந்த நிற்றலின் பொருளை ஒருவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வீடுகளில் சந்தோஷம் நிறைய இருக்கிறது. இதைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில் திருநங்கையரைப் பற்றி இரக்கத்தோடு பேசுகிறவர்கள்கூட, அவர்கள் வாழ்க்கை முழுவதும் கண்ணீரென்று எண்ணிக்கொள்கிறார்கள். முதல் மூக்குத்தி, முதல் பட்டு, பொங்கலுக்கு வெவ்வேறு ஊர்களிலிருந்து மகள்களும் பேத்திகளும் வந்து நானி வீட்டில் கூடுவது, யார் குழம்பு நன்றாக வைத்தாள் என்ற வழக்கு, புது மகளுக்குப் பெயர் வைப்பதில் நடக்கும் விவாதம், இவையெல்லாம் அவர்களிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். ‘அம்மா’ என்று தன்னை ஒருவர் அழைப்பார் என்ற எண்ணத்தையே உலகம் தனக்கு மறுத்திருந்தபோது, அந்தச் சொல்லைத் தினமும் நூறு முறை கேட்கிற ஒருத்தியின் மனநிறைவை நாம் யூகித்துத்தான் பார்க்கமுடியும்.

அந்த நிறைவு கல்வியாகவும் கனிந்திருக்கிறது. தூத்துக்குடியைச் சேர்ந்த கிரேஸ் பானு, திருநங்கை என்பதாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதாலும் பள்ளியிலேயே விலக்கி வைக்கப்பட்டவர். பின்னர்ப் பொறியியற் கல்லூரியில் சேர்ந்து படித்தார். அவர் மகளாக ஏற்று வளர்த்த தாரிகா பானு, பள்ளியிறுதித் தேர்வில் தேறி, சித்த மருத்துவம் படிக்க விரும்பி, விண்ணப்பம் ஏற்கப்படாமற்போகவே சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2017-ஆம் ஆண்டில் அந்த மன்றத்தின் ஆணையினால் அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். பிள்ளையின் படிப்புக்காகக் கோர்ட்டு வரை துணைநின்ற பெற்றோர் நம்மில் எத்தனை பேர்? அந்தத் தாய் தமக்குக் கிடைக்காத பள்ளியை மகளுக்கு வாங்கிக் கொடுத்தார்.

எல்லா வீடும் இப்படியென்று நான் சொல்லவரவில்லை. சொன்னால் அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே தைரியமாக எழுதியவர்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். ரேவதியும், ‘நான் வித்யா’ எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யாவும், குருவீட்டின் அரவணைப்பைச் சொன்ன அதே நூல்களில் அங்கே கண்ட கடுமையையும் மறைக்கவில்லை. சேலாவின் சம்பாத்தியத்தில் குருவுக்குப் பங்கு, மீறினால் தண்டம், ஒரு வீட்டை விட்டு வேறு வீடு சேரவேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். கடை கடையாகக் காசு கேட்பதும் தேகத்தை விற்பதுமன்றி வேறு தொழிலுக்குப் போகிறேன் என்ற மகளை ஏளனம் செய்து நிறுத்திய தாய்மாரும் இருந்திருக்கிறார்கள். இதற்குச் சமாதானம் சொல்லி மூடிவிடக்கூடாது. வேலை கொடுப்பாரில்லை, வீடு கொடுப்பாரில்லை, சட்டம் அண்டவிடுவதில்லை என்ற நிலையில் தன் பாதுகாப்புக்காகத் தானே ஓர் அரசாங்கத்தை அமைத்துக்கொண்ட சமூகத்தில், அந்த அரசாங்கத்தின் வரியும் தண்டனையும் இளையவர்களின் முதுகின்மேல் விழுந்தன. வெளிக்கதவு திறக்கத் திறக்க உள்ளே கண்டிப்புத் தளர்ந்துவருகிறதென்பதையும் காண்கிறேன். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வா, பதினெட்டு வயது நிரம்பட்டும் என்று, ஓடிவந்த பிள்ளைக்குச் சோறு போட்டுப் புத்தி சொல்லுகின்ற மூத்த தாயரை இன்று நான் அறிவேன். அப்படிச் சொல்லி அனுப்பிய பிள்ளை திரும்பிப் போன வீட்டில் அடிபட்டு மறுபடியும் வந்து நின்றால் என்ன செய்வது என்று அவர்கள் கேட்கிறார்கள். வைத்துக்கொண்டால் பிள்ளையைக் கடத்தியதாக வழக்கு வரும். விரட்டினால் அந்தப் பிள்ளை தெருவுக்குப் போகும்.

இந்தப் பயம் வெறும் கற்பனையன்று; அதற்கு ஒரு சரித்திரமிருக்கிறது. 1871-ஆம் வருஷம் பிரிட்டிஷ் அரசாங்கம் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பாகம் முழுவதும் வடநாட்டு ஹிஜ்ராக்களைக் குறித்தது. அவர்களுடைய பெயர்களைப் பதிவேட்டில் எழுதினார்கள். அவ்விதம் பதிவு செய்யப்பட்டவர் பதினாறு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளையைத் தம்மோடு வைத்திருந்தால் தண்டனை. மைனருக்குக் கார்டியனாக இருக்கக்கூடாது, தானசாசனம் செய்யக்கூடாது, உயில் எழுதக்கூடாது, தத்து எடுக்கக்கூடாது. இசைப்பதற்கும் ஆடுவதற்கும்கூடத் தடை விதித்த அந்தச் சட்டம், முக்கியமாகக் கண் வைத்தது அவர்களுடைய வம்சத்தின்மேல் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சமூகத்தாருக்கு அடுத்த தலைமுறையே இல்லாமற் செய்துவிட்டால் அது தானே மறைந்துவிடும் என்பது அன்றைய உத்தியோகஸ்தர்களின் கணக்கு. கணக்குத் தப்பிற்று, தாய்மார் அதைத் தப்பவைத்தார்கள்.

சுதந்திர இந்தியாவில் நிலைமை பலவாறு மாறியிருக்கிறது. நம் தமிழ்நாடு 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி அவர்களுக்கென்று நல வாரியம் அமைத்தது. 2014-இல் அதே தேதியில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே நிர்ணயித்துக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொண்டது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தூத்துக்குடியில் ஒரு திருநங்கைக்கும் ஓர் ஆடவருக்கும் நடந்த கல்யாணத்தைப் பதிவாளர் பதிய மறுத்தது செல்லாதென்றும், இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்குமென்றும் தீர்ப்பளித்தது. மணமகள் ஆகலாம் என்றால் அம்மா ஆவதற்கு என்ன தடை என்று நீங்கள் கேட்பீர்கள். 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம் பதினைந்து வயது நிரம்பியவரைத் தத்தெடுக்க அனுமதிப்பதில்லை. தத்துக் கொடுப்பவரும் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருந்தாக வேண்டும். பெற்றவர்கள் துரத்திவிட்ட, பதினெட்டு கடந்த மகளைத் தத்தெடுக்க அந்தச் சட்டத்தில் நேர்வழியில்லை. எனினும் வயதைப் பற்றிய விதியில் ஒரு விலக்குண்டு. அந்தச் சமூகத்தாரின் வழக்காறு அனுமதிக்குமானால் வயது தடையாகாது. செட்டிநாட்டு நகரத்தார் வளர்ந்து ஆளான பிள்ளையைப் பிள்ளை கூட்டிக்கொள்கிறார்கள். எவரும் அதை ஆட்சேபிப்பதில்லை. ஜமாத்தில் பெரியவர்கள் முன்னிலையில், சாட்சிகளோடு, சடங்கோடு, பல தலைமுறையாக நடந்துவரும் தாய் மகள் ஏற்பும் ஒரு வழக்காறுதானே என்பதை நம் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் எடுத்து வாதிக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

திருநங்கையரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்று 2019-இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ இந்த விஷயத்தில் என் மனத்தைப் புண்படுத்தியது. ரத்த சம்பந்தம், விவாகம், சட்டப்படியான தத்து, இம்மூன்றினால் ஏற்பட்ட உறவே குடும்பம் என்று அது வரையறுத்தது. பெற்றோரோ நெருங்கிய குடும்பத்தாரோ பராமரிக்க இயலாமற்போனால், நீதிமன்றம் அவரை மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கும்படி ஆணையிட வேண்டும் என்றும் சொல்லியது. அடித்துத் துரத்திய வீடு ஒன்று, அரசாங்க விடுதி ஒன்று. இவ்விரண்டுக்கும் நடுவே, அழைத்துச் சோறு போட்டு நாற்பது நாள் கண்விழித்த தாயின் வீடு இருப்பதை அந்தச் சட்டம் எழுதியவர்கள் காணவில்லை.

காணாததன் பலன் எங்கே தெரியுமென்றால், ஆஸ்பத்திரியிலும் மயானத்திலும் தெரியும். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட நெருங்கிய உறவினர் வேண்டுமென்று கேட்கிறார்கள். நான்தான் தாய் என்று வளர்த்தவள் சொன்னால், தகப்பனாரையோ கூடப்பிறந்தவரையோ அழைத்துவரச் சொல்கிறார்கள். திருநங்கை ஒருத்தி இறந்துபோனால், உயிரோடிருந்த நாளெல்லாம் எட்டிப் பாராத சொந்தக்காரர்கள் வந்து உடலைக் கேட்டு வாங்குகிறார்கள். கூந்தலைக் கத்தரித்து, புடவையைக் களைந்து, வேஷ்டி கட்டி, விட்டொழித்த பழைய பெயரைச் சொல்லிக் கொள்ளி வைத்த சம்பவங்கள் உண்டு. அவள் சேர்த்துவைத்த நாலு பவுனும் ஒரு மனையும் இருந்தால் அவையும் வாரிசுச் சான்றிதழோடு அவர்களுக்கே போகின்றன. தலைவாரிப் பூவைத்த தாய், தூரத்தில் ஒரு மரத்தடியில் மற்ற மகள்களோடு நிற்கிறாள். அந்தக் கொடுமையை ஒரு முறை கண்டேன். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை.

திருநங்கையரோடு இந்தப் பிரச்சினை முடிந்துவிடுவதுமில்லை. ஒருவரையொருவர் துணையாகக் கொண்டு வாழும் இரண்டு பெண்கள் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விரும்பினால், நம் விதிப்படி ஒருத்தி மட்டும் தனியாக விண்ணப்பிக்கலாம். மற்றவள் அந்தக் குழந்தைக்குச் சட்டத்தில் யாருமல்லள். 2023 அக்டோபர் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஐவர் கொண்ட அமர்வில் இருவர் இந்த விதி பாரபட்சமானது என்றனர். மூவர் அதை ஏற்கவில்லை. கேரளத்தில் ஜஹாத், ஜியா என்ற இணையருக்கு அதே ஆண்டு பிப்ரவரியில் குழந்தை பிறந்தது. பெற்றவர் தம்மை ஆணாக உணர்பவர். பிறப்புச் சான்றிதழில் தாய், தந்தை என்றல்லாமல் பெற்றோர் என்றே தங்களைக் குறிக்க வேண்டுமென்று அவர்கள் கேட்டனர். 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் அதற்கு இசைந்தது. ஒரு சான்றிதழில் ஒரு வரியை மாற்ற இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அதே 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் வழங்கிய ஒரு தீர்ப்பை இந்தச் சபையிலுள்ள தாய்மார் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தன் தோழியோடு வாழ விரும்பிய ஓர் இளம்பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். அவளை விடுவித்த நீதிபதிகள், குடும்பம் அமைவதற்கு விவாகம் ஒன்றே வழியன்று என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்து நம் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது என்றும் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் தாயாரைப் பற்றிப் பேசுகையில், எல்லாத் தாயும் லீலா சேத்தைப் போல இருக்கமாட்டார் என்றார்கள். நம் நாட்டில் ஓர் உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண்மணி அந்த லீலா சேத். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாயார். ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தபோது, எண்பது வயது கடந்த அவர், தம் மூத்த மகன் இப்போது குற்றவாளியாகிவிட்டான் என்று வெளிப்படையாக எழுதி நாட்டைக் கேள்வி கேட்டார். 2018 செப்டம்பரில் ஒருபாலுறவு குற்றமன்று என்றானதைப் பார்க்க அவர் உயிரோடில்லை.

நீதிபதிகள் சொன்னது உண்மைதான். எல்லாத் தாயும் அவரைப்போல இருப்பதில்லை. ஆனால் அப்படி இருக்க முடியாதவர்கள் என்று நம் தாய்மாரை நான் நினைக்கவில்லை. தங்கள் மகன் மகளாகவோ, மகள் மற்றொரு பெண்ணை விரும்புகிறவளாகவோ இருப்பதை அறிந்து முதலில் இடிந்துபோய், ஊரார் வாய்க்கு அஞ்சி, உறவினர் கல்யாணங்களுக்குப் போகாமலிருந்து, பிறகு ஒருநாள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து மனம் தெளிந்தவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். 2023-இல் நானூறுக்கும் மேற்பட்ட பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் திருமண உரிமைக்காக இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களும் நம்மைப் போலக் குடும்பஸ்தர்கள்தாம். நற்றாய் கதவைத் திறந்துவைப்பாளானால் செவிலி பாலைவெயிலில் தேடியலைய வேண்டியதில்லை. அவள் கதவைச் சாத்திவிட்டாலோ, தேடிப் போனவளுக்குத் தாயென்ற பெயரையாவது மறுக்காதிருப்பது நம் கடமை.

சகோதரிகளே, இந்தச் சங்கத்தின் சார்பில் சில காரியங்களை நாம் செய்யமுடியும். இங்கே பள்ளித் தலைமையாசிரியைகள் பலர் வந்திருக்கிறீர்கள்; ஒரு திருநங்கை தன் வளர்ப்புப் பெண்ணைச் சேர்க்க வரும்போது காப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்; விதியில் இடமில்லையென்றால் மேலதிகாரிக்கு எழுதிக் கேளுங்கள். டாக்டர்கள் இருக்கிறீர்கள், நோயாளியே தன் வாயால் இவர்தான் என் அம்மா என்று சொன்னபின் வேறு உறவைத் தேடி அனுப்பாதீர்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் நம்மில் அநேகர். மற்றவர்களிடம் கேட்கும் வாடகையையே அவர்களிடமும் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் குடும்ப வரையறையில், ரத்தத்தாலும் விவாகத்தாலும் தத்தாலும் வந்த உறவோடு, வளர்த்ததனால் வந்த உறவையும் சேர்க்க வேண்டுமென்று நம் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு விண்ணப்பம் தயாரித்துக் கொண்டுவந்திருக்கிறேன். அது மேடையின் வலப்புறத்து மேஜையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, சம்மதமுள்ளவர்கள் கையெழுத்திட்டுச் செல்லும்படி வேண்டிக்கொள்கிறேன்.